ஒக்கூர்க் கொல்லையில் நீ பார்த்தது

நல்லா இருக்கியா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்கிறேனே. நீயும் தினமும் "ம்" என்கிறாய். போனில் முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நான் பேச்சை எடுத்தால் நீ பாதியில் "சரிம்மா, விடு" என்பாய், நானும் விட்டுவிடுவேன். பதினான்கு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் என்றால் முடிவு வரைக்கும் போகலாம். இதைப் பலர் படிக்கும்படி அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்பது உனக்கு இன்னும் வியப்பாக இருக்கும். ஸ்டாஃப் ரூமில் யாராவது சொந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து லேபுக்குப் போய்விடுகிறவள் உன் அம்மா. ஆனால் உனக்கு நான் செய்ததை ஒரு வகுப்பறை வாசலில், முப்பது பிள்ளைகள் பார்க்கச் செய்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்வது நியாயமாகப் படவில்லை.

நீ அகழாய்வு படிக்க இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. முதல் வாரம் நீ அனுப்பிய படங்களை வகுப்புக்குப் போகும் வழியில் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கடலோரம், கோதுமை அறுத்த வெளி, அதன் நடுவே எப்போதோ ஒரு நிலநடுக்கத்தில் ஒரே பக்கமாகச் சரிந்த கோயில் தூண்கள். அறுத்துப் போட்ட வாழைத்தண்டு போலத் துண்டு துண்டாக வரிசையில் கிடந்தன. "கோயில் இருக்கு, சாமி இல்ல, பூசாரி இல்ல. உனக்குன்னே கட்டுன மாதிரி இருக்கும்மா" என்று, சாமி கும்பிடாத எனக்குக் கீழே எழுதியிருந்தாய். மற்ற மாணவர்கள் முழங்காலுக்கு மெத்தை கட்டிக்கொண்டு மண்டியிட்டு மண்ணைச் சுரண்ட, நீ மட்டும் நாள் முழுக்கக் குத்தவைத்தே வேலை பார்ப்பதையும், உன்னோடு தங்கியிருக்கும் போர்ச்சுகல் பெண் "இப்படி உட்கார எங்கே கற்றாய்" என்று கேட்டதையும், நீ "எங்க ஊரு களையெடுப்பு யுனிவர்சிட்டியில" என்று சொன்னதையும் சொல்லிச் சிரித்தாய். தூண் நிழலில் உட்கார்ந்து பருப்புப்பொடியும் சோறும் சாப்பிட்டது, காற்றில் சல்லடை பறந்து போனது, உங்கள் ஆசிரியை மண்ணைத் தொட்டுப் பார்த்தே எந்தக் காலத்து மண் என்று சொல்லிவிடுவது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஏதோ நெருடிக்கொண்டும் இருந்தது. கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டில் உன் அப்பாவின் அத்தை முறைக்காரர் ஒருவர் என்னைப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டார். "பொட்டப்புள்ளைய மண்ணு தோண்டவா அம்புட்டுத் தூரம் அனுப்பியிருக்கீக? நம்ம கொல்லையில இல்லாத மண்ணா அங்குட்டுக் கெடக்கு?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குமேல் இலையில் இருந்ததை என்னால் சாப்பிட முடியவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை நீ கூப்பிட்டாய். உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், எனக்கு சாயங்காலம் நாலரை மணி. ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை.

"ம்மா, இன்னிக்கு ஒரு சாடி ஒடஞ்சு போச்சு."

"நீயா ஒடச்ச?"

"இல்ல. பிக்காஸ் போட்டது வேற ஆளு. அந்தக் காலத்துல பச்சப்பிள்ளைய வச்சுப் பொதைச்ச சாடிம்மா. ஆனா நான் முன்னாடியே பாத்தேன். ஒரு எடத்துல மட்டும் மண்ணு வட்டமா, லேசா நெறம் மாறியிருந்துச்சு. அரை மணி நேரம் அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

நீ சிரித்தாய். "எப்பிடிச் சொல்றது? இல்லாததப் பாக்குற ஆளாச்சே நானு. நாலாவது படிக்கையில நம்ம கொல்லையில தாழி கெடச்சுச்சுன்னு கிளாஸ் முழுக்கக் கத விட்டேனே, ஞாபகம் இருக்கா? அதத்தான் இங்க எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிப்பேன். ஒம்பது வயசுல ஒரு பொய் சொன்னேன், அத நெசமாக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்னு."

அதோடு நீ நிறுத்தவில்லை. இரண்டாம் வருடத்திற்கு அகழாய்வுக் களமா, அருங்காட்சியகக் கிடங்கா என்று ஒன்றைத் தேர்ந்து அடுத்த மாதக் கடைசிக்குள் படிவம் கொடுக்க வேண்டும், கிடங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றாய். "அங்க இருக்கதெல்லாம் ஏற்கெனவே யாரோ பாத்து, எண்ணு போட்டு வச்சது. நான் எதையும் மொதல்ல பாக்க வேண்டியதில்லம்மா." மண்ணைத் தோண்டுவதற்காக வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கடல் தாண்டிய பெண், தன் கண்ணை நம்ப முடியாமல் கிடங்குக்குள் போகிறேன் என்கிறாள். "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: அந்தத் தாழி இருந்தது. நீ பொய் சொல்லவில்லை. உன்னைப் பொய்க்காரி ஆக்கியது நான்.

ஒக்கூர் பக்கம் இருக்கும் நம் புஞ்சையில் பண்ணைக்குட்டை வெட்டவேண்டும் என்பது என் யோசனைதான். மழைத்தண்ணீர் வீணாகப் போகிறது என்று உன் அப்பாவையும் பெரியப்பாவையும் நான்தான் அரித்தெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்தது. உன் அப்பா வேலையில் இருந்தார். நானும் நீயும் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போனோம். ஒக்கூரிலேயே இருக்கும் பெரியப்பா எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். பத்து மணிக்கு மேல் இருக்கும், இயந்திரத்தின் வாளி எதிலோ மோதி ஒரு சத்தம் வந்தது. பாறை என்று நினைத்தோம். செவல் மண்ணுக்கு நடுவே ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. பெரிய பானை ஒன்றின் வாய். விளிம்பு என் கட்டைவிரல் பருமன் இருந்தது. வாளி பட்டு ஒரு பக்கம் விண்டிருந்ததால் உள்ளே தெரிந்தது. மண்ணோடு மண்ணாக ஒரு சின்னக் கிண்ணம், வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. அதன் பக்கத்தில் எலும்பு. நீ எனக்கு முன்னாலேயே குழி ஓரத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாய். "ம்மா, உள்ள யாரோ இருக்காக" என்றாய். யாரோ இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை, இருக்காக என்று மரியாதையோடு சொன்னாய்.

ஜேசிபி ஓட்டியவர் இறங்கி வந்து பார்த்தார். "தாழிக்கா இது. அந்தக் காலத்துல செத்தவுகள வச்சுப் பொதைச்சது. எங்க ஊருப் பக்கமும் வந்துச்சு. ஆபீசருக வந்து சுத்திக் கயிறு கட்டிட்டாகன்னா, அப்பறம் நெலம் நம்மது இல்ல பாத்துக்கங்க." இதை அவர் யாரிடம் கேட்டார், எந்த ஊரில் அப்படி நடந்தது, ஒன்றும் நான் விசாரிக்கவில்லை. ஜாதகத்துக்குச் சான்று கேட்பவள், கோயில் திருநீற்றுக்குச் சான்று கேட்பவள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பினேன். அப்படி நிலம் பறிபோன ஒரு ஆளையும் இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

உன் பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "யாரோ நம்மளுக்கு முந்துன சனம்த்தா. ஒரு சூடத்தக் கொளுத்தி, உள்ளது உள்ளபடியே மூடிருவம். குட்டைய அங்குட்டுத் தள்ளி வெட்டிக்கிருவம்" என்றார். அவர் சொன்னபடி செய்திருந்தால் அந்தத் தாழி இன்றும் முழுசாக அங்கே இருந்திருக்கும். எனக்கு அந்தச் சூடம்தான் எரிச்சலைக் கிளப்பியது. "பானைக்குப் போயி சூடமா? இன்னிக்கிச் சூடம் கொளுத்தினா நாளைக்குச் செங்கல்ல நட்டு வச்சுப் பொங்கல் வைப்பீக. ஒடச்சு, கரையில போட்டு மூடச் சொல்லுங்க அத்தான்" என்றேன். உன்னை எழுப்பி, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், மரத்தைப் பார்த்தாற்போல் உட்காரவைத்தேன். திரும்பி வந்து நான் நின்று பார்க்க, வாளி இரண்டு முறை இறங்கியது. அந்த மண்தான் இப்போது குட்டையின் மேற்குக் கரை. உடைக்கச் சொன்னது பெரியப்பாவோ ஜேசிபிக்காரரோ இல்லை. அந்த இடத்தில் பட்டப்படிப்பு படித்திருந்தது நான் ஒருத்திதான், உடைக்கச் சொன்னதும் நான் ஒருத்திதான்.

மறுநாள் உன் டீச்சர் வகுப்பில் "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். நீ ஒரு பக்கம் எழுதி, எதிர்ப் பக்கத்தில் படமும் வரைந்தாய். வட்டம், விண்ட இடம், கிண்ணம், எலும்பு. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் உன் செருப்பை வரைந்திருந்தாய். அதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. இன்று உங்கள் குழியில் படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைக்கிறீர்களே, அதே வேலை. சாயங்காலம் உன்னைக் கூட்டிப்போக வந்த என்னிடம் டீச்சர் அந்த நோட்டோடு ஓடி வந்தார். "உங்க கொல்லையில தாழி கெடச்சுச்சாமே? நெசமாவா? தொல்லியல் துறையில எனக்குத் தெரிஞ்சவுக இருக்காக, சொன்னா நாளைக்கே வந்து பாப்பாக" என்றார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த ஆசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் சிரித்தேன். "டிவில எதையாவது பாத்திருப்பா டீச்சர்" என்றேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "ம்மா, நீயுந்தான பாத்த?" என்றாய். நான் உன்னைக் குனிந்து பார்த்து, "எத?" என்று கேட்டேன்.

அந்த ஒரு வார்த்தைதான். உன் முகத்தில் கோபம் வரவில்லை. குழப்பம் வந்தது. கோபம் வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். டீச்சர், பாவம், ஆசைப்பட்டு ஏமாந்ததில், "பொய் எழுதக் கூடாதுப்பா" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து உனக்குப் பெயரே "தாழி" என்று ஆயிற்று. "ஏ தாழி, உள்ள யாருடி இருக்கா?" என்று தெருமுனை வரை கத்திக்கொண்டு வருவார்கள். எட்டாவது வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நீ மறுபடி கேட்டாய். "வெயில்ல மரத்தடியில தூங்கிட்ட, கனாக் கண்டிருப்ப" என்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னேன், நீ கிழித்தாய். அப்சர்வேஷன் நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது, தப்பாக இருந்தாலும் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்ததை எழுது என்று என் மாணவிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். மூன்று வாரம் கழித்து, யாரோ கேலி செய்தபோது, "அது கனாப்பா" என்று நீயே சொன்னதைக் கேட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாய். நல்ல பிள்ளை, வம்புதும்பு இல்லாத பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பில் வரலாறு எடுக்கிறேன் என்று நீ நின்றபோது, கெமிஸ்ட்ரிதான் என்று நானும் நின்றேன். "கெமிஸ்ட்ரியில சோதிச்சுப் பாக்கலாம், சரித்திரத்துல அவனவன் சொல்றதுதான்" என்று பெரிய நியாயம் பேசினேன். பழைய மண்ணுக்குப் பக்கத்திலேயே நீ போகக் கூடாது என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. நீ போனால் என்றாவது தெரிந்துவிடுமே. சாமிக்குப் பயப்படாதவள் சொந்த மகளின் படிப்புக்குப் பயந்தேன்.

இந்த மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உன் பெரியப்பாவைப் பார்க்க ஒக்கூர் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "ஏத்தா, அன்னிக்கி நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்ன?" என்றார்.

"நீங்க மூடச் சொன்னீக. நாந்தான் ஒடைக்கச் சொன்னேன்."

"அந்த மட்டுக்கும் நெனப்பு இருக்குல்ல. சூடங் கொளுத்துறவன் கிறுக்கன்னு நெனச்ச."

"ஆமா."

"இப்பவும் அப்பிடித்தான் நெனைக்கிற."

"ஆமா அத்தான்" என்றேன். அவர் புரையேறும்வரை சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வா என்று குட்டைக்குக் கூட்டிப் போனார். அந்தக் குட்டை கிழக்குப் பக்கம் கோணலாக இருக்கும்; ஜேசிபிக்காரரின் அலட்சியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். "நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போன பெறகு, இங்குட்டு இன்னொரு வாய் தெரிஞ்சுச்சு. உங்கிட்டச் சொன்னா அதையும் ஒடச்சுப்புடுவன்னு, மண்ணத் தள்ளி மூடி, கோணலா வெட்டச் சொல்லிட்டேன்" என்றார். வருடத்துக்கு ஒருமுறை அங்கே சூடம் கொளுத்துகிறாராம். என் மூளை காப்பாற்றாததை அவர் பயபக்தி காப்பாற்றி வைத்திருக்கிறது. இதிலிருந்து நான் சாமி கும்பிடத் தொடங்கிவிட மாட்டேன். ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்தது பகுத்தறிவு என்று இனிமேல் சொல்ல மாட்டேன். அது வெறும் அவசரம், அதற்குமேல் கொஞ்சம் திமிர். நான் பார்த்ததையும் செய்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வாங்கிய பெண், "மேடம், இத எந்த செக்‌ஷன்ல வைக்கிறதுன்னே தெரியலயே" என்றாள். அது அவர்கள் கவலை.

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி கொஞ்சம்தான், அதையும் நான் சொல்லும் தகுதியைக் கழித்துக்கொண்டு கேள். உன்மேல் பிரியமுள்ளவர்கள் சொல்வதை நம்பு. ஆனால் உன் கண் பார்த்ததைப் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதே; அவர்களுக்குக் காப்பாற்ற வேண்டியது வேறு ஏதாவது இருக்கும். எனக்கு நிலம் இருந்தது. பார்த்ததை முதலில் எழுது, பிறகு யாரோடும் பேசு. மண் நிறம் மாறியிருக்கிறது என்று நீ சொல்லி, அது வெறும் மரவேரின் தடமாக இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும். தப்பாகச் சொன்னவர்கள் யாரும் அதனால் செத்துப்போனதில்லை. கிடங்கு உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போ. அங்கேயும் நல்ல வேலை இருக்கிறது. ஆனால் இல்லாததைப் பார்க்கிறவள் என்று உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு போகாதே. அந்த நினைப்பு உன்னுடையது இல்லை. நான் உனக்குள் வைத்தது.

இதுவரை எழுதியதை முதலில் உனக்கு மட்டும் அனுப்பினேன். நான்கு நாள் நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. உன் அப்பா, "என்ன ரெண்டு பேரும் பேசிக்கிறதக் காணோம்" என்றார். அவரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். "எங்கிட்டயும் சொல்லலயே" என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் நாள் நீ கூப்பிட்டாய். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் கேள்விகளைத் தொடங்கிவிட்டாய். எவ்வளவு ஆழம்? வாய் நேராக இருந்ததா, சாய்ந்திருந்ததா? மேலே மூடி, கல் ஏதாவது கிடந்ததா? கிண்ணம் எலும்புக்கு எந்தப் பக்கம்? இரும்பு இருந்ததா? முக்கால் மணி நேரம். ஒருமுறைகூட அம்மா என்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தபோது, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அதையும் எழுதிக்கிறேன்" என்றாய். என் மாணவிகளிடம் நான் பேசும் குரல் அது. நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அஞ்சு வருசம்மா. அஞ்சு வருசம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. நீ வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த" என்றாய். ஆமாம் என்றேன்.

படிவத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நீயாகத்தான் சொன்னாய்: "களத்துக்கே குடுத்திட்டேன். உனக்காக இல்ல." சரி என்றேன். இதை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். குடு என்றாய். போனை வைப்பதற்கு முன், உடைந்த தாழி பற்றி நான் ஏதோ புலம்பத் தொடங்க, நீ இடையில் மறித்தாய். "கரையில கெடக்குற ஒடஞ்ச பானை ஓட்டையும் எடுப்போம். ஜேசிபி வெட்டுன குழி இருக்குல்ல, அதுவும் மண்ணுல ஒரு அடுக்குதாம்மா. யாரு எப்ப வெட்டுனாகன்னு குறிச்சு, அதுக்கும் ஒரு எண்ணு போடணும். அத விட்டுட்டு மத்தத வரைய முடியாது."

அப்படித்தான் செய்யவேண்டும். அனுமதி வாங்கி, ஆட்களோடு நீ எந்த வருடம் வந்தாலும் சரி, யார் வெட்டியது என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள். நான் வரப்பில் நிற்பேன். நீ கூப்பிட்டால் மட்டும் குழிக்குள் இறங்குவேன்.

அம்மா